மூடாத பாத்தி

இப்போதெல்லாம் டிசம்பர் பிறந்தால் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலை ஏறி வருகிறார்கள். குல்லா, கையுறை, கழுத்தைச் சுற்றி மப்ளர். விடிகாலையில் புல்வெளியில் இறங்கி, வெள்ளையாகக் கிடக்கும் உறைபனியை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம், அவர்களைச் சொல்லி என்ன? காசு கொடுத்துக் குளிரைப் பார்க்க வந்தவர்கள். ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிவதில்லை. போன வருஷம் ஒரு பெண் என்னிடம் "எவ்வளவு அழகா இருக்கு, இல்ல ஆன்ட்டி?" என்று கேட்டாள். "வெயில் வந்தப்புறம் வந்து பாரும்மா, அது தொட்ட செடி என்ன கதியில கெடக்குன்னு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்து வெகுநேரம் எனக்கே சங்கடமாக இருந்தது.

அவளிடம் காட்டியது என் மேல் எனக்கிருக்கும் கோபம். எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்மஸ் காலையில் பிடித்தது. இன்னும் ஆறவில்லை.

சித்திரபுரத்திலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் எங்கள் வீடு. லயம் என்போம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள், வீட்டுக்கு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். டிசம்பரில் அந்தத் தகரம் சாயங்காலம் நாலு மணிக்கே சில்லிட்டுவிடும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டால் காயும், ஆனால் புகை நாற்றம் ஏறிவிடும். உதடு வெடித்து, குதிகால் வெடித்து, வாய்விட்டுச் சிரித்தால் ரத்தம் கசியும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் உதடு தப்பித்தது.

அந்த ஜூன் மழையில் அப்பா இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அழுது முடிப்பதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. தோட்டத்து வீடு என்பது வேலைக்காகக் கொடுக்கும் வீடு. வீட்டில் ஒருவராவது நிரந்தரத் தொழிலாளியாகப் பதிவேட்டில் இருந்தால்தான் குடியிருக்கலாம். அப்பா பேரை அடித்துவிட்டார்கள். அம்மா மூட்டு வீங்கி, மலை ஏற முடியாமல், வேலையை விட்டு மூன்று வருஷமாகியிருந்தது. எனக்குப் பதினெட்டு முடிந்து சில மாதம். என்னைத் தற்காலிகமாக எடுத்து நாற்று வளர்க்கும் நர்சரியில் போட்டார்கள். வருஷக் கடைசிக்குள் நான் நிரந்தரமானால் வீடு எங்களுக்கு. இல்லாவிட்டால் ஜனவரியில் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இறங்கி எங்கே போவது? திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு ஊர் என்று ஒரு பேர் இருந்ததே தவிர, சாய்ந்து உட்கார ஒரு சுவர் கிடையாது. அந்த ஊரை விட்டு மலைக்கு வந்தபோது அம்மாவுக்கே ஏழு வயது.

நர்சரியில் என்னோடு வேலை செய்தவள் பக்கத்து வீட்டு அக்கா. கம்பத்துப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் அதற்கு முந்தின வருஷம் மரம் விழுந்து செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு ஏழு, சின்னவளுக்கு மூன்று. அவளும் தற்காலிகம்தான். எனக்கு முன்னாலிருந்தே அங்கே செய்கிறாள். அவளுக்கும் அதே கெடு, அதே வீட்டுக் கவலை. ஆனால் சூப்பர்வைசர் நவம்பரிலேயே சொல்லிவிட்டார்: இரண்டு பேரில் ஒரு பேரைத்தான் பதிவேட்டில் ஏற்ற முடியும், யார் வேலை சுத்தமோ அவர் பேர் ஏறும் என்று.

அன்றையிலிருந்து நானும் அக்காவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உலகத்தில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும் பேசினோம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சின்னவள் இருமினால் எங்கள் அடுப்படியில் கேட்கும். அம்மா திட்டினால் அவர்களுக்குக் கேட்கும். மறுநாள் அக்கா என்னைப் பார்த்து, "நேத்து என்ன, ஒங்காத்தா பூசை பலமா இருந்துச்சு?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அவள் இன்றைக்கு ஏதாவது தப்புப் பண்ணினாளா என்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நர்சரியில் இருபது பாத்திகள். மேட்டில் பத்து, பள்ளத்தில் பத்து. மேட்டுப் பாத்தி என் பொறுப்பு, பள்ளத்துப் பாத்தி அக்காவுடையது. அடுத்த மழைக்கு நடவேண்டிய தேயிலை நாற்று எல்லாம் பிளாஸ்டிக் உறைகளில் மண்ணோடு அடுக்கி நின்றது. வெயிலுக்குப் பழகட்டும் என்று மேலே இருந்த பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அதனால் பனிக்காலம் முழுக்க, தினமும் சாயங்காலம் பெரணித் தழையை அறுத்து வந்து பாத்தி மேல் கனமாகப் பரப்பி மூடிவிட்டுப் போக வேண்டும். காலையில் வெயில் ஏறிய பிறகு தழையை எடுத்து ஓரமாக அடுக்க வேண்டும். இதில் ஒரு சட்டம் உண்டு. பனி பள்ளத்தில்தான் முதலில் இறங்கும், கடைசியில்தான் போகும். ஆகவே மூடும்போது பள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் லயத்தில் பாதி எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; பாதி அக்காவைப் போல இந்துக்கள். பண்டிகைக்குப் பண்டிகை வேலையை மாற்றிக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தின நாள் அவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள், அவர்கள் பங்கையும் நாங்கள் முடிப்போம். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எங்கள் பங்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சூப்பர்வைசருக்கு இது தெரியும். ஆனால் தெரியாத மாதிரி இருப்பார். வேலை முடிந்திருந்தால் அவருக்குப் போதும். அந்தத் தீபாவளிக்கு இருபது பாத்திக்கும் நானே தண்ணீர் விட்டேன். கிறிஸ்மஸுக்கு அக்கா முறை.

அப்பா போன வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சாவு விழுந்த வீட்டுக்குப் பலகாரம் அக்கம்பக்கம்தான் கொடுக்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு சுட்டுக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். "நல்ல நாளும் அதுவுமா வெறும் வாயோட இருக்கக்கூடாது பெரியம்மா" என்றாள். அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அம்மா மேல் எரிச்சல் வந்தது. அவளுக்கு முன்னால் ஏன் இப்படி அழுகிறாள், இரக்கப்பட்டு வேலையை விட்டுக்கொடுக்கப் போகிறோமா என்று தோன்றியது. அப்படித்தான் இருந்தது என் மனசு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையிலிருந்து ஆயா, அக்காவின் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கே வந்துவிட்டாள். பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போய் வந்தது. அக்கா கையிலிருந்த தழைக்கட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இருபது பாத்தியையும் மூட வேண்டியது அவள்.

"ஏ புள்ள, என்ன செய்யட்டும்? ஒன்னய வெள்ளனே போகச் சொன்னேன். இப்பப் பாரு இவ இப்படிக் கெடக்கா" என்றாள்.

"நீங்க போங்கக்கா. மருந்து வாங்கிக் குடுங்க. எல்லாத்தையும் நா மூடிருதேன்."

"சூப்பர்வைசர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகவா?"

"அவருட்டயா? வெள்ளனே போறேன்னு சொன்னா அதையே எழுதி வச்சுக்கிடுவாரு. பேசாம போங்க, நா இருக்கேன்லா."

"பள்ளத்துல இருந்து ஆரம்பிச்சிரு புள்ள. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்குத் தெரியாதாக்கா? போங்க."

பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் மேடேறிப் போனாள். அவள் தலை மறைந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தீபாவளிக்கும் நான், கிறிஸ்மஸுக்கும் நானா? ஆறு மணிக்கு வேதக்கோயில் முற்றத்திலிருந்து பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் பவனி கிளம்பும். அதில் நானும் ஒருத்தி. ஆறு மாதமாகச் சாவு வீட்டு முகத்தோடு திரிந்தவளுக்கு அந்த ஒரு சாயங்காலம் வேண்டியிருந்தது. பாட வேண்டும், நாலு பேரோடு சிரிக்க வேண்டும், அம்மாவின் பெருமூச்சுச் சத்தம் கேட்காத இடத்தில் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த ஆத்திரத்தோடு தழைக்கட்டைத் தூக்கினேன். கால் என்னை மேட்டுக்குத்தான் கொண்டுபோயிற்று. என் பாத்தி பத்தையும் முதலில் மூடினேன். ஒழுங்காக, கனமாக, ஒரு துளி இடைவெளி இல்லாமல். நிமிர்ந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. விரல் விறைத்து மடங்க மறுத்தது. தழை இன்னும் நிறையக் கிடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளத்தைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். மலை முழுக்க மேகம் இறங்கி நின்றது. மேகம் மூடியிருந்தால் உறைபனி விழாது; வானம் வெளுத்த ராத்திரியில்தான் விழும். மலையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். இன்றைக்கு விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளத்துப் பத்துப் பாத்தியையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டில் அம்மா வெந்நீர் வைத்திருந்தாள். "எல்லாம் மூடியாச்சாட்டி?" என்று கேட்டாள்.

"ஆச்சும்மா."

பவனியில் எட்டு வீடோ ஒன்பது வீடோ பாடியிருப்போம். அடுத்த லயத்துக்கு ஏறும்போது என் பக்கத்தில் வந்த பெண் அண்ணாந்து பார்த்து, "ஏ, நட்சத்திரம் பாத்தியா? எம்புட்டு!" என்றாள். நானும் பார்த்தேன். மேகம் துளிகூட இல்லை. காற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. அப்போதே ஒரு டார்ச்சை வாங்கிக்கொண்டு நர்சரிக்குப் போயிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் கூட வரவும் ஆள் இருந்தார்கள். ஆனால் எதற்கு என்று கேட்பார்களே! ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினேன் என்று பண்டிகை நாளில் எல்லார் முன்னாலும் சொல்வதா? கர்த்தரே, இன்றைக்கு மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலில் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினேன்.

கிறிஸ்மஸ் ஆராதனை விடியுமுன் ஐந்து மணிக்கு. புதுப் பாவாடை தாவணி கட்டி, அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே காலை வைத்தேன். புல் காலடியில் நொறுங்கியது. "மெதுவாட்டி, வழுக்குது" என்றாள் அம்மா. அரிக்கேன் வெளிச்சம் போகிற தூரம் வரைக்கும் வெள்ளை. என் வாழ்நாளில் அவ்வளவு கனமாக விழுந்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்போதும் ஒரு வழி இருந்தது. வெயில் படுமுன் தண்ணீர் ஊற்றிப் பனியைக் கழுவிவிட்டால் பாதி நாற்றாவது பிழைக்கும். வெயில் பட்டுவிட்டால்தான் எல்லாம் கருகும். எங்கள் பள்ளம் கிழக்குப் பார்த்தது, ஏழு மணிக்கே வெயில் விழுந்துவிடும். நான் கோயிலில் பெண்கள் பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் நீண்டுகொண்டே போயிற்று. ஜன்னல் கண்ணாடி கறுப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து வெளுத்தது. எழுந்து போயிருக்கலாம். மூன்று வரிசைதான், கதவு பக்கம்தான். எழுந்தால் அம்மா கேட்பாள், பக்கத்தில் இருப்பவள் கேட்பாள், திரும்பி வந்தால் எல்லாரும் கேட்பார்கள். இந்த வெட்கங்கெட்ட வெட்கத்தால் ஆசீர்வாதம் கூறி முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன். சவத்து மூதி! இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆராதனை முடிந்து, புதுத்துணியோடு மூச்சிரைக்க நர்சரிக்கு ஓடினேன். வெயில் வந்துவிட்டிருந்தது. பள்ளத்துப் பாத்தியில் வெள்ளை உருகி நீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் வெந்த கீரையாகத் தொய்ந்து, விளிம்பில் கறுக்கத் தொடங்கியிருந்தது. பூவாளியை எடுத்து ஊற்றினேன். ஊற்றிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தே ஊற்றினேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா. இடுப்பில் பிள்ளை, கம்பளிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. வாசலில் பனியைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"மூடலியா புள்ள?" என்றாள்.

"மூடுனேன்க்கா" என்றேன். "காத்துல பறந்திருக்கும்."

அவள் மேட்டைப் பார்த்தாள். என் பத்துப் பாத்தியிலும் தழை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒரு இணுக்குகூட அசையவில்லை. பிறகு பள்ளத்தைச் சுற்றிப் பார்த்தாள். காற்றில் பறந்திருந்தால் அங்கே இங்கே ஒன்றிரண்டு தழையாவது கிடக்குமே! ஒன்றும் இல்லை. ஓரத்தில் அடுக்கின குவியல் அடுக்கினபடியே இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவள் குனிந்து ஒரு நாற்றைத் தொட்டாள், நுனி இலை கையோடு வந்துவிட்டது. பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம் என்று ஒன்றும் ஞாபகமில்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா வெகுநேரம் அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வேற யாருட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. "சொல்லி என்ன ஆகப்போவுது? போனது போச்சு. நாம ரோட்டுல நிக்கணுமா?" குரலை இறக்கித்தான் பேசினாள். அம்மா அதற்கு முன்னால் எனக்கு ஒரு பொய்யும் சொல்லிக்கொடுத்தவள் இல்லை. அன்றைக்குப் படுக்கும்வரை அவள் ஜெபம் பண்ணவில்லை. முறுக்கு டப்பாவைத் திறக்கவும் இல்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தார். மலையாளம் கலந்த தமிழில் பேசுவார், கத்தமாட்டார். பள்ளத்துக்கு இறங்கிப் பத்துப் பாத்தியும் நடந்து பார்த்தார். அதற்குள் நாற்று எல்லாம் கரிக்கட்டையாகியிருந்தது. மேட்டுக்கு ஏறி என் பாத்தியைப் பார்த்தார். தழைக்குக் கீழே எல்லாம் பச்சையாக நின்றது. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இது ஆரோட பாத்தி?"

"என்னோடதுதாய்யா" என்றாள் அக்கா.

"சாயங்காலம் மூடியதில்லையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வையும் இல்லை. சும்மா, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் வீடு போய்விடும் என்று அதே நெஞ்சு சொன்னது. நான் என் கால்விரலைப் பார்த்தேன். வெடித்த குதிகாலில் மண் அப்பியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்குக் காச்சல்யா" என்றாள் அக்கா. "வெள்ளனே போயிட்டேன்."

"ஆரிடம் சோதிச்சு போனாய்?"

"யார்ட்டயும் கேக்கலய்யா."

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். என்னைப் பார்த்து, "உன் பாத்தி நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. கருகின நாற்றைப் பிடுங்கி உரக்குழியில் போடும் வேலையை எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாள் சேர்ந்து பிடுங்கினோம். அக்கா அந்த மூன்று நாளும் என்னோடு வழக்கம்போலப் பேசினாள். தண்ணீர் குடிக்கிறியா புள்ள என்று கேட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை வைதிருந்தால், தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தால், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வருஷக் கடைசி நாள் ஆபீஸ் பலகையில் என் பேர் ஒட்டினார்கள். வீடு எங்களுக்கு நின்றது. அம்மா என் தலையைத் தடவினாள், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு ஜனவரி பத்தாம் தேதிக்குள் சாவியைக் கொடுக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டுப் போனான். யூனியன்காரர் ஒருவரும் வந்து பார்த்தார். பேர் ஏறாதவளுக்காக என்ன பேச முடியும் என்று கையை விரித்துவிட்டார்.

அந்த நாள் வந்தது. கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்துக்கு இறங்கும் ஏலக்காய் ஜீப் ஒன்றில் இடம் கேட்டு வைத்திருந்தாள். இரண்டு மூட்டை, ஒரு தகரப்பெட்டி, ஒரு அண்டா, இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தது. பொங்கலுக்கு நாலு நாள்தான் இருந்தது. அண்ணன் வீட்டில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று தெரியாது என்று லயத்துப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா வெளியே வரவே இல்லை. மூட்டு வலி என்றாள்.

விடிந்து வெளிச்சம் வந்த நேரம். பனி மூட்டத்தில் ஜீப்பின் முன்கண்ணாடி நீர் கோத்திருந்தது. நான் அண்டாவைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினேன். டிரைவர் கயிறு கட்டப் பின்பக்கம் போனதும், இனி நேரம் இல்லை என்று, பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நா அன்னைக்கு மூடல. அவருட்ட நா சொல்லிருக்கணும்."

அக்கா பெரியவளுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"தெரியும் புள்ள."

"நீங்களாவது சொல்லிருக்கலாம்லக்கா. ஏன் சொல்லல?"

"சொல்லி? ரெண்டு பேரும் சேந்து இந்த ஜீப்புல போகவா?" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். உதட்டில் வெடிப்பு இருந்தது, சிரித்ததும் ரத்தம் துளிர்த்தது. நாக்கால் துடைத்துக்கொண்டாள். "நா வெள்ளனே போனது போனதுதேன். எனக்கு இனிமே அந்த வேல வராதுன்னு அந்தாளு மொகத்தப் பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. ஒனக்காச்சும் கெடைக்கட்டும்னு இருந்தேன்."

எனக்கு அழுகை முட்டியது.

"ஆனா ஒண்ணு புள்ள" என்றாள். "நீ வாயத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நீ மட்டும் நாந்தேன் மூடலன்னு சொல்லியிருந்தா, இல்லய்யா, அது சின்னப் புள்ள, அதுக்கு ஒண்ணும் தெரியாது, என் தப்புதேன்னு நானே அடிச்சுப் பேசியிருப்பேன். வேல ஒனக்குத்தேன் வந்திருக்கும். நீ சொல்லுவேன்னுதேன் பாத்தேன்."

டிரைவர் வந்து ஏறிவிட்டான். அக்கா சின்னவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "போ புள்ள, நேரமாச்சு, வேலைக்குப் பிந்தாத" என்றாள். ஜீப் வளைவில் திரும்பும்வரை பெரியவள் மட்டும் என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனாள்.

நான் பிந்தவில்லை. நிரந்தரத் தொழிலாளிகள் நிற்கும் வரிசையில் போய் நின்றேன். குளிரில் எல்லார் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். என் பேர் வந்தது.

"இருக்கேன்யா" என்றேன்.

குரல் நன்றாகத்தான் வந்தது.